ஓநாய்ப் பாலும் ஒரு வெள்ளிக்காசும்

"ரோம் பற்றி எரிந்தது, நீரோ பிடில் வாசித்தான்!"

மேடை ஏறியோரெல்லாம் ஒருமுறையேனும் உரைத்த வாசகம். நாமும் உரைத்திருக்கிறோம், கைதட்டலும் பெற்றிருக்கிறோம். மயிலை மாடவீதியிலே பிடில் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மாலைப் பாடத்துக்கு ஓடுகிறானே ஒரு சிறுவன், அவனைக் கேட்டாலும் ரோமாபுரியைப் பற்றி அவன் அறிந்த வரலாறு இதுவாகத்தான் இருக்கும். அந்தோ! அவன் தோளிலே தொங்கும் கருவியே அந்த வரலாற்றைப் பொய்யாக்குகிறது. ரோமாபுரியிலே தீ மூண்டது கி.பி. 64இல். பிடில் பிறந்ததோ 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில்! நீரோவை வெறுத்த டாசிட்டசே, தீ மூண்ட வேளையில் மன்னன் நகரில் இல்லை, ஆன்டியத்தில் இருந்தான் என்றுதான் எழுதிவைத்தார். எரியும் நகரைப் பார்த்து அவன் பாடினான் என்பதை வதந்தி என்றே குறித்தார்.

நீரோ நல்லவன் என்று வாதாட நாம் வரவில்லை. பெற்ற தாயைக் கொல்வித்த கொடியவன் அவன். ஆனால் கொடியவனைக் கொடியவனென்று காட்டப் பொய் எதற்கு? இராவணனுக்குப் பத்துத் தலை ஒட்டியவரைப் பிடித்துக் கேள்வி கேட்ட நாம், நீரோவின் கையிலே பிடிலைத் திணித்தவரை மட்டும் ஏன் கேளாது விட்டோம்?

மயிலை, தியாகராய நகர், அடையாறு வட்டாரத்திலே பள்ளிக்குப் பஞ்சமில்லை. கட்டணம் கொழிக்கும் பள்ளிகளும் உண்டு. மாநகராட்சிப் பள்ளிகளும் உண்டு. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரோமாபுரி எந்த வழியாக வந்து சேருகிறது என்று ஆசிரியத் தோழர் சிலரைக் கேட்டுப் பார்த்தோம். ஓரிடத்தில் ஆண்டுவிழா மேடை வழியாக வருகிறதாம்: படுக்கை விரிப்பைப் போர்த்திய ஆன்டனி, சீசரின் பிணத்தருகே நின்று ஆங்கிலத்தில் முழங்குகிறான், பெற்றோர் பூரிக்கின்றனர். இன்னோரிடத்தில் சங்ககால வாணிகம் என்ற பத்திக்குள்ளே எட்டிப் பார்க்கிறதாம்: மிளகு போயிற்று, பொன் வந்தது, மணி அடித்தது, வகுப்பு முடிந்தது! தமிழ்நாட்டரசு 2018இல் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலிலே 'செவ்வியல் உலகம்' என்ற பாடம் வருகிறது. நல்ல முயற்சி, மறுக்கவில்லை. எனினும் கிரேக்கமும் ரோமும் சீனமும் அந்த ஒரே பாடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக் கதை சில பக்கங்களில்! பன்னிரண்டு வயதில், கேள்வி கேட்கும் பருவத்தில் கிடைக்க வேண்டியது, தேர்வுக்கு அஞ்சும் பருவத்தில் கிடைக்கிறது.

கதைப் புத்தகங்கள் தரும் ரோமாபுரியோ வேறு. ரோமுலசும் ரீமசும் ஓநாயிடம் பால் குடித்தனர், கி.மு. 753, ஏப்ரல் 21இல் நகரம் தோன்றியது! நாளும் கிழமையும் குறித்த புராணம்! அந்தக் கதையை நமக்குச் சொன்ன லிவியே தம் நூலின் முகப்பில், நகரம் தோன்றுமுன் நடந்தனவாகச் சொல்லப்படுபவை கவிஞர் கட்டுகளுக்கு ஒத்தவை. அவற்றை மெய்யென்று நிறுவவும் போவதில்லை, பொய்யென்று மறுக்கவும் போவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய ரோமானியனுக்கு இருந்த நாணம் இன்றைய கதைப்புத்தகக்காரருக்கு இல்லை. ஓநாய்க் கதையை மறைக்கச் சொல்லவில்லை. சொல்லுங்கள், சொல்லிவிட்டு, "இதை யார் எப்போது எழுதினார்? அவருக்கு எப்படித் தெரியும்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள் என்கிறோம்.

அடுத்தது வயிற்றுக் கதை. நீதிக்கதை என்ற பெயரிலே நெடுங்காலமாக உலவுவது. மரபுக் கணக்குப்படி கி.மு. 494. கடனுக்கு அடிமையாகி நொந்த பிளெபியர் எனும் பொதுமக்கள், போர்க்கோலத்திலேயே நகரை விட்டு வெளியேறிக் குன்றொன்றில் அமர்ந்தனர். கல் எறியவில்லை, வாள் உருவவில்லை. "உம் நகரை நீரே காத்துக்கொள்ளும்" என்று பாட்ரிசியர் எனும் மேற்குலத்தாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். நகரம் நடுங்கிற்று! சமாதானம் பேச அனுப்பப்பட்ட மெனேனியஸ் அக்ரிப்பா சொன்ன கதை இது: கையும் வாயும் பல்லும் வயிற்றின் மீது சினந்து வேலைநிறுத்தம் செய்தன, வயிறு வாடிற்று, உடம்பு முழுவதும் வாடிற்று, ஆகவே உறுப்புகள் உழைக்க வேண்டும், வயிறு உண்ண வேண்டும்.

கேட்ட கதையாகத் தோன்றவில்லையா, தோழர்களே? முகத்தில் பிறந்தோர், தோளில் பிறந்தோர், தொடையில் பிறந்தோர், பாதத்தில் பிறந்தோர் என்று இங்கே ஓதப்பட்டதன் ஒன்றுவிட்ட உடன்பிறப்பு அது! சமுதாயத்தை உடம்பாக்கிவிட்டால் போதும். எவர் வயிறு, எவர் பாதம் என்று பங்கு பிரிப்பது எளிதாகிவிடும். பிளெபியர் கதையைக் கேட்டார்கள். ஆனால் கதையோடு திரும்பவில்லை. தமக்கென டிரிப்யூன் எனும் காவலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் பெற்றுக்கொண்டே திரும்பினார்கள். கதையைச் சொல்லும் புத்தகங்கள் பல, இந்தப் பிற்பகுதியை விழுங்கிவிடுகின்றன.

கி.மு. 450ஐ ஒட்டி எழுந்த பன்னிரு பலகைச் சட்டம், பாட்ரிசியரும் பிளெபியரும் மணம் செய்துகொள்ளலாகாது என்று விதித்தது. ஐந்தே ஆண்டில், கி.மு. 445இல், கனூலியஸ் என்ற டிரிப்யூன் எழுந்தான்: அந்தத் தடை ஒழிக! மேற்குலத்தார் என்ன சொல்லித் தடுத்தனர் என்று லிவி எழுதுகிறார். குருதி கலந்துவிடுமாம், தெய்வக் குறிகள் குழம்பிவிடுமாம்! கனூலியஸ் திருப்பிக் கேட்டதாக அவர் எழுதும் பேச்சின் சாரம் இது: ரோமை ஆண்ட நூமா அயல் இனத்தான் இல்லையா? தார்க்குவின் கொரிந்திலிருந்து வந்தவன் மகன் இல்லையா? செர்வியஸ் சிறைப்பட்ட பெண்ணின் மகன் இல்லையா? பேச்சு லிவியின் கற்பனையாக இருக்கலாம். அவர் நானூறு ஆண்டு பிந்தியவர். இதையும் பிள்ளைகளிடம் மறைக்கக்கூடாது. ஆனால் தடை ஒழிந்தது உண்மை. கி.மு. 300இல் ஒகுல்னியஸ் சட்டம் வந்து, பூசகர் குழுவிலும் குறி பார்ப்போர் குழுவிலும் பிளெபியருக்கு இடம் தந்தது. இங்கே பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1970இல். பயிற்சி பெற்ற பல சாதியினர் கைக்குச் சென்னையில் நியமன ஆணை வந்தது 2021 ஆகஸ்ட் 14இல். எட்டாம் வகுப்புப் பிள்ளை கழித்துப் பார்க்கட்டும். கணக்குப் பாடமும் நடந்துவிடும்.

இந்த ரோமாபுரி நம் பள்ளிகளில் ஏன் நுழையவில்லை? நுழைத்தவரைப் பாருங்கள், விளங்கும். 1834இல் மெக்காலே சென்னையில் இறங்கி உதகைக்குப் போனார். ரோமானியக் கதைப்பாடல்கள் புனையும் எண்ணம் நீலகிரி அடிவாரக் காட்டிலே தோன்றிற்று, அடிகள் பெரும்பாலும் உதகையில் தங்கியபோதும் வங்கக் கடல் பயணத்திலும் பிறந்தன என்று அவரே எழுதியிருக்கிறார். 1842இல் நூலாயிற்று. பாலம் காத்த வீரன் ஹொரேஷியஸ் பேரரசெங்கும் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் புகுந்தான். அதே நூலிலே பிளெபியரின் குமுறலைப் பாடும் 'வர்ஜீனியா' பாடலும் உண்டு! அதை எவர் மனப்பாடம் செய்யச் சொன்னார்? நீலகிரியிலே அமர்ந்து ரோமாபுரியின் தாழ்த்தப்பட்டோருக்காகப் பாடிய கண், பல்லக்குச் சுமந்து மலையேறிய தோள்களைக் கண்டதாகத் தெரியவில்லை.

சரி, வெள்ளையர் போயினர். நாம் என்ன செய்தோம்? மறுகோடிக்குப் பாய்ந்தோம். யவனரைப் பிடித்துக் கையைப் பின்கட்டி, தலையில் நெய் ஊற்றிய சேரன் கதையைச் சொல்லி, ரோமையே பணிய வைத்ததாக முழங்குவோர் நம்மிலும் உண்டு. அகஸ்டசிடம் பாண்டியன் தூது விட்டான் என்கிறோம். அதைக் குறிக்கும் ஸ்ட்ராபோவோ பாண்டியனா போரசா என்று இரு பெயரையும் வைத்துத் தயங்குகிறார். கலைஞரின் 'ரோமாபுரிப் பாண்டியன்' புதினம், புதினமாகச் சுவைப்போம். அண்ணாவின் 'ரோமாபுரி ராணிகள்' அரண்மனை அலங்கோலத்தைக் காட்டிற்று. அரண்மனைக்கு வெளியே நின்றவரை இனி நாம் எழுதவேண்டும். மார் தட்டுவது வரலாறாகாது, தோழர்களே. மார் நம்முடையதாக இருந்தாலுந்தான்!

சான்று தேடி நெடுந்தொலைவு போகவும் வேண்டாம். பிட்டி தியாகராயர் பெயரால் 1920களில் நகர் எழுந்ததே, அந்த மாம்பலத்து மண்ணிலே முத்திரைக் காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. அதில் அகஸ்டஸ் கால ரோமானிய வெள்ளிக்காசும் ஒன்று கலந்திருந்தது. இன்று பனகல் பூங்காவைச் சுற்றிப் பொற்கடைகள் ஒளிர்கின்றன. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்சை உறிஞ்சுகிறது என்று முதல் நூற்றாண்டிலே பிளினி புலம்பியதை அங்கே நிறுத்திப் பாடம் நடத்தினால் எந்தப் பிள்ளைக்கு மறக்கும்? தாலமி குறித்த துறையொன்றை மயிலையாகக் கருதுவோர் பலர். அது பெயரொப்புமை கொண்டு செய்த ஊகம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பிறகு எழும்பூர் அருங்காட்சியகம். நம் பாட்டன்மார் அதைச் 'செத்த காலேஜ்' என்றார்கள். ரோமானியக் காசுகளைப் பார்க்க அங்கே பிள்ளைகளை அழைத்துப் போனால் அந்தப் பெயர் பொய்யாகிவிடும். 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 பொற்காசுகளில் பலவற்றில் சீசரின் தலைமேல் வெட்டு விழுந்திருந்ததைச் சொல்லி, "வெட்டியவன் யார்? ஏன்?" என்று கேட்கலாம். அறிஞரிடையே ஒருமித்த விடை இல்லை. அதுவே அந்தக் கேள்வியின் அழகு!

1985இல் வெளியான பாப்பிரஸ் ஒன்று, முசிறியிலிருந்து 'ஹெர்மபோலன்' கப்பலில் போன சரக்கைக் கணக்கிடுகிறது. கங்கைக்கரை நறுமணத் தைலம் உண்டு, யானைத் தந்தம் உண்டு; மொத்தம் ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ், அதில் கால்பங்கு பேரரசின் சுங்கம். மூட்டை தூக்கியவன் பெயர் அதில் இல்லை. ஆனால் எகிப்தின் செங்கடற்கரையிலே, குசேர் அல்-காதிம் என்ற இடத்திலே, உடைந்த பானை ஓடுகளில் தமிழ்-பிராமி எழுத்தில் 'கணன்' என்றும் 'சாதன்' என்றும் இருவர் பெயர் இருக்கின்றன. மன்னரல்லர், தூதருமல்லர். 2007இல் செய்தியான மற்றொரு ஓட்டிலே 'பானை ஒறி' என்று இருக்கிறது. ஒறி என்பது உறி. அடையாற்று அடுக்ககத்திலே வளரும் பிள்ளை, உறி என்றால் என்ன என்று ஆசிரியரைக் கேட்கும். வீட்டிலே பாட்டியைக் கேட்டு வா என்று ஆசிரியர் அனுப்பட்டும்.