பெண் பிள்ளைகளின் பொங்கல்

காணும் பொங்கலோடு பொங்கல் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் திருநெல்வேலிப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுச் சின்னப் பெண்களுக்கு அதற்குப் பிறகுதான் நிஜமான பொங்கல். சிறுவீட்டுப் பொங்கல்! நான் பார்த்த பண்டிகைகளில் இதற்கு ஈடு இல்லை, அடித்துச் சொல்வேன்.

வேலை மார்கழி முதல் தேதியே ஆரம்பமாகிவிடும். விடியுமுன் வாசல் தெளித்து, கோலம் போட்டு, நடுவே சாண உருண்டை பிடித்துவைத்து அதில் பூசணிப்பூவைச் செருகுவோம். பூசணி கிடைக்காத நாளில் பீர்க்கம்பூ, செம்பருத்தி. வெயில் ஏறினால் போதும், "ஏட்டி, பூவு வாடிரும், வெரசா எடு" என்று ஆச்சி சத்தம் கொடுப்பாள். பூவையும் சாணத்தையும் சேர்த்து வரட்டியாகத் தட்டிக் காயவைக்க வேண்டும். மாதம் முழுக்கத் தட்டிய பூவரட்டிகள் ஓலைக் கடகத்தில் சேர்ந்துகொண்டே வரும். அந்தக் கடகத்தை அண்ணன்கள் யாரும் தொட முடியாது. அது எங்கள் சொத்து!

பெரிய பொங்கலும் லேசுப்பட்டதல்ல. காவியும் சுண்ணாம்பும் பட்டையடித்த பொங்கக்கட்டிகளை அடுப்பாகக் கூட்டி, பனையோலை எரித்து வாசலில் பொங்கவிடுவோம். கட்டிக்கொடுத்த அக்காவுக்கு அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு என்று பொங்கப்படி போகும். இலையில் சிறுகிழங்குப் பொரியல் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் அதைப் பொங்கல் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் சிறுவீடு! முற்றத்தில் களிமண் குழைத்து, முழங்கால் உயரம்கூட வராத சுவர் எழுப்பி, அடுப்பங்கரை, சாமி அறை, திண்ணை எல்லாம் வைத்து நாங்களே கட்டுவோம். சுண்ணாம்பு பூசி, காவிக் கோடு இழுத்து, வாசலில் குட்டிக் கோலமும் போட்டாயிற்று என்றால் கிரகப்பிரவேசக் களை வந்துவிடும். நாள் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் தெருவில் தைப்பூசத்தன்று. சின்ன மண்பானையில் பால் பொங்கும்போது அம்மா, சித்தி, மதினி எல்லாரும் சுற்றி நின்று குலவை போடுவார்கள். அன்றைக்கு வீட்டுத்தலைவி பாவாடை கட்டிய பிள்ளைதான். பெரியவர்கள் அவள் கையால் வாங்கித்தான் பொங்கல் சாப்பிட வேண்டும்!

அப்புறம் ஆறு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி, இரண்டு பருவமழையும் ஊட்டி வளர்க்கிற நதி. வடகிழக்கு மழை முடிந்த தை மாதத்தில் படித்துறையில் தண்ணீர் தெளிந்து ஓடும். பூவரட்டி, பொங்கல் சோறு, வெற்றிலை, பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு தெருவே கிளம்பும். வாழையிலையில் பொங்கல் வைத்து, பூவரட்டியில் சூடம் ஏற்றி ஆற்றில் விடுவோம். யாருடையது முதலில் வளைவைத் தாண்டுகிறது என்று கரையோடு ஓடுவோம். அந்த ஓட்டத்தின் சந்தோஷத்தை வேறு எந்தப் பண்டிகையும் எனக்குத் தந்ததில்லை.

இப்போது என் மகளும் சிறுவீடு கட்டுகிறாள். சென்னையில் இருந்தாலும் தைப்பூசத்துக்கு ஊருக்குப் போய்விடுவோம். உங்கள் வீட்டிலும் பெண் பிள்ளை இருந்தால் வருகிற மார்கழியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். முற்றம் இல்லையென்றால் மொட்டைமாடி போதும். கொஞ்சம் களிமண்ணும் சுண்ணாம்பும் வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள். வீட்டை அவளே கட்டட்டும்.