ஆபரேஷன் தேதி யாருக்கு முதலில்?

கொரோனா அலை ஓய்ந்ததும் ஆபரேஷன் தியேட்டர்களை மறுபடி திறந்த முறையில் பாராட்ட வேண்டியது நிறையவே இருக்கிறது. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்கும்படி 2020 மார்ச் 20 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது. மூட்டு மாற்று, ஜவ்வு சீரமைப்பு, எலும்பு கூடியபின் பிளேட் எடுப்பது எல்லாம் தள்ளிப்போயின. மறுபடி தொடங்கியபோது கைகொடுத்தது ஊகமல்ல, கணக்கு. 2021 மார்ச்சில் வெளியான கோவிட்சர்ஜ் என்ற ஆய்வு 1,40,231 நோயாளிகளைப் பார்த்தது. தொற்று வந்த இரண்டு வாரத்துக்குள் கத்தி வைத்தால் முப்பது நாளில் இறப்பு சுமார் 4 சதவீதம். ஏழு வாரம் பொறுத்தால், தொற்றே வராதவர்களைப் போல 1.5 சதவீதம்தான். முழங்கால் வலிக்காக உயிரைப் பணயம் வைப்பார்களா? அந்த ஏழு வாரத்தில் நான் குறை காண மாட்டேன்.

குறை, வரிசையில் இருக்கிறது. பிரிட்டனில் 2020இல் ஆபரேஷன்களை அவசரத்தின்படி வகுத்த நான்கு படிகளில் வழக்கமான மூட்டு மாற்று கடைசிப் படி; மூன்று மாதத்துக்கு மேலும் தள்ளலாம் என்றார்கள். அதே கணக்கை இங்கே வைத்தால், ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முழுக்க நின்றபடி மெஷின் ஓட்டும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இடுப்பு தேய்ந்தால், அந்த மூன்று மாதத்தில் வேலையே போய்விடும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்த சிலருக்கு இடுப்பு எலும்பின் பந்து ரத்த ஓட்டமில்லாமல் மடியத் தொடங்கியதை 2021 ஜூலையில் மும்பை மருத்துவர்கள் சொன்னார்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் எலும்பில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்துப் பந்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். நசுங்கிவிட்டால் பெரும்பாலும் மூட்டையே மாற்ற வேண்டும். முப்பது வயதில் மாற்றிய மூட்டு ஆயுளுக்கும் வருமா என்பது சந்தேகம். இப்படி இடுப்பு மடியத் தொடங்கியவரையும் பிளேட் எடுக்க வந்தவரையும் பதிவுத் தேதியை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் அது நியாயமாகாது.

ஓசூரை ஒட்டி மாநில எல்லையில் இருக்கும் ஜூஜுவாடிக்காரர்களுக்கு எல்லைத் தொல்லையும் சேர்ந்துகொண்டது. கிருஷ்ணகிரியைவிட பொம்மசந்திரா ஆஸ்பத்திரிகள்தான் பக்கம், ஆனால் அது கர்நாடகம். 2020இல் சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். ஆபரேஷனுக்கு ஒருமுறை எப்படியாவது கடந்துவிடலாம். முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சிக்கு வாரக்கணக்கில் போய்வர வேண்டுமே. அது தவறினால் நன்றாகப் பொருத்திய மூட்டும் இறுகிப்போகும். தியேட்டரைத் திறக்கத் திட்டம் போடும்போதே பிசியோதெரபிக்கும் வழி சொல்லியிருக்க வேண்டும்.

வரிசையைச் சரிசெய்ய, காத்திருப்பவர்களை மாதம் ஒருமுறை போனில் கூப்பிடப் பெரிய செலவில்லை. ராத்திரி வலியில் தூக்கம் கெடுகிறதா, போன மாதம் ஏறிய படியை இப்போது ஏற முடிகிறதா, வேலைக்குப் போகிறாரா என்று ஒரு நர்ஸ் கேட்டு எழுதிவைத்தாலே, யாரை முன்னால் கூப்பிடுவது என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும்.