பதிவேட்டில் இல்லாத வீடுகள்

ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோரின் முதல் சம்பளம், விடுதி வாழ்க்கை, வேலையிழப்பு எல்லாம் அந்த எட்டு ஆண்டுகளுக்குள் அடக்கம். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் தொழிற்பேட்டைகள் வளர வளர, முன்பு அங்கே ஏர் பூட்டியவர்களின் நினைவும் பின்பு ஷிப்டுக்குப் போனவர்களின் நினைவும் எழுதப்படாமலே கரைகின்றன. இத்தகைய இடங்களுக்குக் கலை உலகம் இன்று முன்வைக்கும் வழி ரெசிடென்சி. கலைஞர் ஒருவரைச் சில வாரங்களோ மாதங்களோ தங்கவைத்து, ஆவணங்களிலிருந்தும் மக்கள் நினைவிலிருந்தும் ஒரு படைப்பை உருவாக்கச் சொல்கிறார்கள். ஒரகடத்துக்கு அது என்ன தரும், எதைத் தராது?

இந்த வட்டாரத்துக்கு ஆவணப் பஞ்சம் கிடையாது. செங்கல்பட்டு ஜாகீர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். வீடுகள், ஏரிகள், விளைச்சல், ஊர்ப் பணியாளருக்கு உரிய பங்கு என எல்லாம் பதிவாயின. அந்த ஊர்க் கணக்குகளின் ஓலைச்சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் எழுதிய அறிக்கை, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கு வழி திறந்தது. பிறகு அடங்கல், சிட்டா, புலப்படம், கடைசியில் நில எடுப்பு ஆணை. ஆனால் இவை யாவும் கணக்குக் கேட்டவருக்காக எழுதப்பட்டவை. சேற்றில் நின்று நாற்று நட்டவர் இவற்றில் ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான்.

அந்த வெற்றிடத்தைப் பற்றிக் கேட்கும் துணிவுதான் கலைஞரின் பலம். இதற்கு நம் மொழியுலகிலேயே பெரும் சான்று யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு. போரில் இடம்பெயர்ந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார் சனாதனன். அதை ஒட்டிக் கட்டடக் கலைஞரின் அளவுப்படமும் சனாதனனின் ஓவியமும் வருகின்றன. அளவு பிசகிய கைக்கோட்டுக்கும் ஸ்கேல் வைத்து இழுத்த கோட்டுக்கும் நடுவே ஒருவர் இழந்தது என்னவென்று தெரிகிறது. இதை எந்த நிலப்பதிவு அலுவலகமும் செய்திருக்காது. நிலம் கொடுத்த ஓர் ஒரகடத்துக் குடும்பம் தன் பழைய வீட்டையும் களத்துமேட்டையும் இப்படி வரைந்தால், இழப்பீட்டு ஆணையில் உள்ள சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய ஆவணம் அதுவே.

ஆனால் சனாதனன் தங்கிப் போக வந்தவரல்லர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். பேசியவர்களின் மொழியும் துயரும் அவருடையவையும்தான். ரெசிடென்சி சறுக்குவது இங்கேதான். சில வாரங்களில் ஊர்க்காரர்கள் வாய் திறக்க மாட்டார்கள்; திறந்தாலும் பழகிய கதையையே சொல்வார்கள். நிலம் விற்றதில் அண்ணன் தம்பிக்குள் மூண்ட சண்டை, குத்தகைக்கு உழுதவருக்கு ஒன்றும் கிடைக்காமற்போன கதை எல்லாம் நாள்பட்ட பழக்கத்தில்தான் வெளிவரும். நியூயார்க் துப்புரவுத் துறையில் 1977 முதல் ஊதியமில்லாக் கலைஞராக இருந்த மியர்ல் லேடர்மன் யூகலிஸ், 1979–80இல் 8,500 தொழிலாளர்களின் கையைப் பற்றி நன்றி சொன்னார். அந்தச் செயலுக்கு மதிப்பு வந்ததே அவர் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்ததால்தான். தங்கும் காலம் முடியும்போது கண்காட்சி வைத்தாக வேண்டும் என்ற நிபந்தனை, கலைஞரைக் கேட்பவராக இருக்கவிடாமல் சேகரிப்பவராக்கிவிடுகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் பொது நூலகம் அமைப்பதும் அதில் அடங்கும். அந்த நிலத்தில் ஆலை நடத்தும் நிறுவனமே அந்த நிலத்தின் நினைவுக்கும் பணம் கொடுத்தால், கோயில் திருவிழாவும் பழைய ஏரியும் படைப்பில் இடம்பெறும். 2021 டிசம்பரில் விடுதி உணவு கெட்டுப்போனதால் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது இடம்பெறுமா? 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் நடத்திய வேலைநிறுத்தம்? இவையும் இந்த மண்ணின் மரபுரிமைதான். இவற்றை விட்டுவிட்டுத் தொகுக்கும் நினைவு அரை நினைவு.

ஆகவே ரெசிடென்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதக்கணக்கு ஆண்டுக்கணக்காக வேண்டும், விளைவு கேட்கக் கூடாது, நல்கை தருபவருக்குத் தேர்வில் குரல் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, பதிவு செய்த பேச்சு, படம், வரைபடம் ஒவ்வொன்றின் பிரதியும் கொடுத்தவர் வீட்டுக்கும் அந்த ஊரின் நூலகத்துக்கும் போய்ச் சேர வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதாத திட்டத்துக்கு ஒரகடத்தார் தங்கள் பழைய பத்திரங்களையும் கதைகளையும் கொடுக்க வேண்டியதில்லை.