பறவைகளைப் பேச வைக்கத்தான் வேண்டுமா? – சிறுவர் அரங்கு பற்றிச் சில குறிப்புகள்

அண்மைக் காலமாக எமது பாடசாலை மேடைகளில் சூழல் பேணும் ஆற்றுகைகள் பெருகி வருகின்றன. காட்டை அழிக்காதே, நீரை வீணாக்காதே என்ற வரிசையில் இப்போது புலம்பெயர் பறவைகளும் மேடையேறியுள்ளன. மன்னார்ப் பக்கத்தில் படிப்பிப்பவன் என்ற வகையில் எனக்கு இது மகிழ்ச்சியே. ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் வங்காலைச் சரணாலயம் எங்கள் அயலில்தான் இருக்கிறது. 2010 இல் அது ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஆயினும், நோக்கம் நல்லதென்பதற்காக ஆற்றுகையும் நல்லதாகிவிடுமா என்று நாம் கேட்பதில்லை. சிறுவர் அரங்கென்றால் இரண்டு வார்த்தை பாராட்டிவிட்டு எழுந்து விடுகிறோம்.

சென்ற ஆண்டு எங்கள் பகுதிப் பாடசாலையொன்று நடனத்தையும் நிழற்பாவையையும் இணைத்துப் பூநாரைகளைப் பற்றி ஓர் ஆற்றுகையை மேடையேற்றியது. பிள்ளைகளின் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை பிரதியிலும் நெறியாள்கையிலுமே உள்ளது. இளஞ்சிவப்பு உடையணிந்த பிள்ளைகள் மயில் முத்திரை பிடித்துச் சுற்றி வந்தார்கள். பின்னர் தலைவர் பூநாரை ஒலிவாங்கியின் முன் வந்து, மனிதர்களுக்கு நீண்ட அறிவுரை வழங்கியது. துப்பாக்கியோடு வந்த வேடன் மனந்திருந்தினான். கைதட்டல்.

எனது முதற் கேள்வி, ஆடியது எந்தப் பறவை என்பது. பூநாரை தலையைக் கீழே கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து இரை வடிக்கும் பறவை. சேற்றைக் கிளறுவதற்காக நின்ற இடத்திலேயே காலால் மிதித்துக் கொண்டிருக்கும். பரதத்தில் பிள்ளை முதன்முதற் பழகும் தட்டடவே அங்கு ஆயத்தமாகக் கிடக்கிறது! மயில், யானை, பருந்து ஆகியவற்றின் அசைவுகளைத் தனித்தனி ஆடலாக்கிய கண்டிய வண்ணங்களும் எமது நாட்டிலேயே உண்டு. அவற்றை ஆக்கியவர்கள் பிராணிகளைக் கூர்ந்து பார்த்தவர்கள். நாமோ உடையின் நிறத்தை மாற்றிவிட்டு எல்லாப் பறவைக்கும் ஒரே ஆட்டத்தை ஆட விடுகிறோம்.

இரண்டாவது, நிழல். நிழற்பாவை எமது மண்ணில் வேரோடிய கலையன்று. அம்பலாங்கொடையில் இருப்பது நூற்பாவை. 2018 இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றதும் அதுவே. தோற்பாவைக்குக் கேரளத்துப் பத்திரகாளி கோயில்களில் கம்பனைப் பாடிப் பாவையாட்டும் புலவர்களைத்தான் பார்க்க வேண்டும். இருந்தும் ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு விளக்கும் காட்போட் மட்டையும் கொண்டு அந்தப் பிள்ளைகள் இரண்டு நிமிடம் செய்து காட்டியதை நான் மறக்கவில்லை. திரையோடு ஒட்டியிருந்த சின்னஞ்சிறு பறவைகள் விளக்கை நோக்கிப் பின்வாங்க, நிழல்கள் பெருத்து, ஓரம் மங்கி, எம் தலைக்கு மேலால் கடப்பது போலிருந்தது. கழுத்தையும் காலையும் நீட்டிப் பறந்தவை பூநாரைகள். கழுத்தை மடக்கிப் பறந்தது கொக்கு. வானத்துப் பறவையை நாம் பெரும்பாலும் கறுத்த உருவாகத்தானே காண்கிறோம்? மண்டபம் அடங்கிப் போயிற்று. ஒரு வசனமும் அங்கே இருக்கவில்லை. அடுத்த கணமே ஒலிவாங்கி வந்து அனைத்தையும் விளக்கத் தொடங்கியது.

புலம்பெயர் பறவையின் வாழ்வே வருவதும் போவதும்தான். ஆண்டிற் பாதி அது எம்மிடம் இல்லை. நிழலும் அப்படியே. விளக்கிருக்கும்வரை உண்டு, பின்னர் வெறும் துணி. அந்த வெறுந் துணியைச் சற்று நேரம் எம்மைப் பார்க்க விட்டிருந்தால், வராமற் போன பறவை என்றால் என்னவென்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும்.

மூன்றாவதும் முக்கியமானதும் வேடன் பற்றியது. மௌனகுருவின் ‘வேடனை உச்சிய வெள்ளைப் புறாக்கள்’ நாடகத்தில் வேடன் வருவது பொருத்தமே. அது ஒற்றுமை பற்றிய உருவகக் கதை; புறாக்கள் அங்கு மனிதர்களுக்காகப் பேசுகின்றன. ஆனால் எமது கரையோரத்தில் துப்பாக்கி வேடன் யார்? இங்கே நடப்பது வேறு. ஈரநிலம் மண் கொட்டி நிரப்பப்படுகிறது. குப்பை கொட்டப்படுகிறது. குப்பையைத் தேடி வரும் நாய்கள் பறவைகளைக் கலைக்கின்றன. இவற்றைச் செய்பவர்கள் மேடைக்கு முன்வரிசையிலும் பின்வரிசையிலும் அமர்ந்திருந்த நாம்தான். ஊரில் இல்லாத வேடனைத் திருத்தி அனுப்பிவிட்டு, நாமெல்லோரும் குற்றமற்றவர்களாக வீடு திரும்பினோம். விழிப்புணர்வு என்ற பெயரில் நிகழ்ந்தது தாலாட்டு என்றே நான் சொல்வேன்.

இதனோடு ஒப்பிட பூட்டானின் போப்ஜிகாப் பள்ளத்தாக்கை எடுத்துக் கொள்ளலாம். திபெத்திய மேட்டுநிலத்திலிருந்து குளிர்காலத்தில் அங்கு வரும் கருங்கழுத்துப் பெருங்கொக்குகளுக்காக 1998 முதல் நவம்பர் 11 ஆந் திகதி கங்தே மடாலய முற்றத்தில் விழா நடக்கிறது. பாடசாலைப் பிள்ளைகள் சிறகு கட்டிக் கொக்கு நடனம் ஆடுகிறார்கள். காணொளியிற் பார்த்தபோது நுட்பத்தில் எமது பிள்ளைகளை விட அவர்கள் மேலானவர்களாக எனக்குத் தோன்றவில்லை. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. பார்த்திருப்போரில் அப்பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு பயிரிடும் குடியானவர்களும் உண்டு. ஆடப்படும் பறவை அந்நேரம் கீழே சதுப்பில் நிற்கிறது. அங்கே பறவைகள் மோதாதிருக்க மின்கம்பிகளும் நிலத்தடியாற் கொண்டு செல்லப்பட்டன. நடனம்தான் அதைச் செய்வித்தது என்று நான் வாதிட மாட்டேன். நடனத்துக்கும் ஊரின் நடத்தைக்கும் இடையே அங்கு ஓர் உறவு இருக்கிறது என்பதே என் கருத்து.

கதைக்குப் பஞ்சமில்லை. மன்னாரில் கருவி பொருத்தி விடப்பட்ட ‘மேகா’ என்ற கடற்காகம் 2021 இல் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை சென்று மீண்டது. போக வர ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர். மலை, பாலை, பனி, மீண்டும் எங்கள் கரை என்று ஒரு வேட்டித் திரையில் அடங்கக்கூடிய பயணம் அது. பறவை வாய் திறக்க வேண்டியதில்லை. திரும்பி வந்து இறங்கும்போது சென்ற ஆண்டு நின்ற இடத்தில் மண் கொட்டப்பட்டிருப்பதை மட்டும் காட்டினாற் போதும்.

அந்தப் பாடசாலை அதே பிள்ளைகளைக் கொண்டு இதை மீண்டும் செய்ய வேண்டும். போட்டி மண்டபத்தில் அல்ல. ஒக்டோபரில், பறவைகள் வரத் தொடங்கும் நாட்களில், மீன்பிடித் துறையில் நாலு கம்பு நட்டு வேட்டி கட்டினாற் போதும். ஒலிவாங்கியை மட்டும் பாடசாலையிலேயே பூட்டி வைத்துவிட்டு வரட்டும்.