மேடு என்றால் மேடுதானா?

அணுவிசை நுண்ணோக்கியில் எடுத்த பாலிமர் படலத்தின் படங்கள் பார்க்க அழகாயிருக்கும். மஞ்சளும் பழுப்புமாய் மேடு பள்ளம். அந்த நிறம் நாம் பூசியது என்று பலருக்கும் தெரியும். மேடே சில சமயம் நம் கைவேலைதான் என்றால் அடிக்க வருவார்கள்.

எனக்கு இதைப் புரியவைத்தது நோல், மாகர்லே, கிராவுஷ் மூவரும் 2001-இல் ‘மேக்ரோமாலிக்யூல்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை. உண்மையான மேற்பரப்பு எங்கே என்று தலைப்பிலேயே கேட்டுவிடுகிறார்கள்.

எடுத்துக்கொண்ட பொருள் எஸ்.பி.எஸ். கடினமான பாலிஸ்டைரீனும் ரப்பரான பாலிபியூட்டடையீனும் ஒரே சங்கிலியில் இருக்கும். டேப்பிங் முறையில் ஊசி அதிர்ந்தபடியே பரப்பைத் தட்டித் தட்டி நகரும். அதிர்வின் வீச்சு மாறாதபடி கருவி இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் ‘உயரம்’ என்று வரைகிறோம். ரப்பர்மேல் ஊசி இன்னும் கொஞ்சம் அமுங்கினால்தான் வீச்சு அதே அளவுக்குக் குறையும். ஆக, பரப்பு சமமாக இருந்தாலும் ரப்பர் உள்ள இடம் பள்ளமாகத் தெரியும்.

இவர்கள் புள்ளி புள்ளியாக ஊசியை இறக்கி, வீச்சும் ஃபேஸும் மாறுவதை அளந்து, அமுங்கிய ஆழத்தைக் கணக்கிட்டார்கள். ‘உயரப் படம்’ காட்டியது பெரும்பாலும் அந்த ஆழத்தின் வேறுபாடுதான். மேலே மெல்லிய ரப்பர் அடுக்கு ஒன்று எல்லாவற்றையும் மூடியிருந்தது.

படித்த மறுநாளே என் படலத்தை எடுத்து, இலேசாகத் தட்டி ஒரு படம், அழுத்தித் தட்டி ஒரு படம் எடுத்தேன். ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் முழுக்க நான் விளக்கியிருந்த மேடுகளில் பாதி, இலேசாகத் தட்டிய படத்தில் இல்லவே இல்லை. அத்தியாயம் போச்சு. வழிகாட்டியிடம் சொல்லவே ரெண்டு நாள் ஆச்சு.

கட்டுரையின் முறையில் சிக்கல் உண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் வளைவு எடுக்க நேரமாகும். அதற்குள் மாதிரி கொஞ்சம் நகர்ந்துவிடும். தினசரி வேலைக்கு ஒத்துவராது. ஆனால் ஒரே இடத்தை ரெண்டு விதமாகத் தட்டிப் பார்க்க என்ன செலவு? அதைக்கூடச் செய்யாமல், வீச்சு எவ்வளவு, அதை எவ்வளவு குறைத்துத் தட்டினோம் என்ற ரெண்டு எண்ணும் இல்லாமல், ‘வெளிச்சமானது கடினம், இருண்டது மென்மை’ என்று மட்டும் குறிப்பெழுதி வரும் படங்களை இப்போது நான் நம்புவதில்லை. என் பழைய படங்களையும் சேர்த்துத்தான்.