கொடுத்துவிட்ட அப்பா

1930 முதல் 1961 வரை டொமினிக்கன் குடியரசைத் தன் சொந்தப் பண்ணைபோல நடத்தியவன் ராணுவத் தளபதி ரஃபேல் துருஹியோ. (நவம்பர் 25ஐப் பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளாக நாம் கடைப்பிடிப்பது, 1960இல் அவன் ஆட்கள் அடித்துக் கொன்ற மிராபால் சகோதரிகள் மூவரின் நினைவாகத்தான்.) மரியோ வர்காஸ் யோசாவின் ‘ஆட்டின் விருந்து’ அவனது கடைசி நாளைச் சொல்லும் நாவல். ஆனால் கதையைத் தொடங்குபவளும் முடிப்பவளும் உரானியா. பதினான்கு வயதில், பறிபோன செல்வாக்கை மீட்பதற்காக அப்பாவே அவளை அவனிடம் அனுப்பிவைக்கிறார்.

சர்வாதிகாரிகளைப் பற்றிய லத்தீன் அமெரிக்க நாவல்கள் பெரும்பாலும் கொடுங்கோலனின் மண்டைக்குள்ளேயே குடியிருப்பவை. யோசா ஒரு பெண்ணின் ஞாபகத்துக்கு இடம் கொடுத்தது சாதாரணமல்ல. ஆனாலும் அந்த இரவை எழுதும்போது அவரது கண் எங்கே போய் நிற்கிறது? கிழவனின் இயலாமையில், அவன் அழுகையில். அத்தையிடமும் அத்தை மகள்களிடமும் அதைச் சொல்பவள் உரானியாதான். இருந்தும் அவள் உடல் அவனது தோல்விக்குச் சாட்சியாகச் சுருங்கிவிடுகிறது.

நாவலின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்தவள், நோயில் பேச்சிழந்த அப்பாவின் எதிரே உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்கிறாள். துருஹியோவைச் சுட்டுக் கொல்ல ஆட்கள் இருந்தார்கள். இந்த அப்பாவை என்ன செய்வது? அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸின் சம்பளம் மகள் அனுப்பும் பணத்தில்தான் போகிறது.