இரண்டாவது கன்ட்ரோலர்

போன வருஷம் டல்லாஸில் மகள் வீட்டில் நாலு மாசம் இருந்தோம். வெளியே கொளுத்துகிற வெயில். உள்ளே ஆளுக்கொரு திரை. ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை கராஜைச் சுத்தம் செய்தபோது, கல்யாணமான புதிதில் வாங்கிய நின்டெண்டோ வீ என்கிற விடியோ கேம் பெட்டி அகப்பட்டது. 'இது மியூசியம் பீஸ் தாத்தா' என்றான் பேரன். பத்து வயசு. டிவியில் இணைத்துப் பார்த்தால் உயிர் இருந்தது.

முதல் காரியமாகப் பாட்டிக்கு ஒரு பொம்மை உருவம் செய்தான். கொண்டை, கண்ணாடி எல்லாம் கிடைத்தது. பொட்டு இல்லை, மச்சம் இருந்தது. அதைக் கன்னத்திலிருந்து நகர்த்திப் புருவ மத்தியில் வைத்துவிட்டான். கறுப்புச் சாந்துப் பொட்டு! ஜப்பான்காரர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் பவுலிங். ரிமோட்டின் அடியில் இருக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசி, சரியான தருணத்தில் பட்டனை விட வேண்டும். என் மனைவி பின்னால் கொண்டுபோகும்போதே விட்டுவிட்டாள். பந்து பின்பக்கம் பறந்தது. திரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பொம்மைகள் அலறித் துள்ளின. (அந்தத் தப்புக்குக்கூட ஒரு காட்சியை யோசித்து வைத்த ஆள் யாரோ, அவர் கையைக் குலுக்க வேண்டும்.) மூன்றாவது ஆட்டத்தில் பேரனை ஜெயித்துவிட்டாள். அவன் முகம் சுருங்கிப்போய், 'இன்னொரு கேம்!' என்றான். எனக்கு அந்தக் கோபம் ரொம்பப் பிடித்திருந்தது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

குடும்பத்தோடு விளையாடுவது என்று நாம் சொல்வதில் பாதி தர்ம காரியம். குழந்தைக்காகப் பெரியவர் தோற்பார். அல்லது அப்பா காரைத் திருப்பத் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டிருக்க, பையன் பெருமூச்சு விட்டபடி காத்திருப்பான். இரண்டுமே பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும். என் பாட்டி பல்லாங்குழியில், ஏழு வயசுப் பையனாச்சே என்று ஒரு சோழி இரக்கம் காட்டியதில்லை. கடைசிக் குழிவரை வழித்து எடுத்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். அதனால்தான் மறுநாளும் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். 'குடும்ப விளையாட்டு' என்று எதையாவது யாராவது விற்க வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: இதில் பாட்டி நிஜமாகவே ஜெயிக்க முடியுமா?

நின்டெண்டோ இந்தப் பரீட்சையில் பாஸாக ரொம்ப நாள் ஆயிற்று. 1889-ல் க்யோட்டோ நகரில் ஹனஃபுடா என்கிற பூப்போட்ட சீட்டுகள் தயாரிக்க ஆரம்பித்த கம்பெனி அது. சீட்டுக்கு முன்னால் தாத்தாவும் பேரனும் சமம். 1983-ல் அவர்கள் வெளியிட்ட விடியோ கேம் பெட்டிக்கு வைத்த பெயரே 'ஃபேமிலி கம்ப்யூட்டர்', சுருக்கமாக ஃபேமிகாம். (தொண்ணூறுகளில் நம் வீடுகளில் மரியோவும் கான்ட்ராவும் ஆடிய அந்த மலிவு விலை டிவி கேம் பெட்டிகள் பலவும் இதன் நகல்கள்தான்.) பெயரில் குடும்பம் இருந்தது. பெட்டியோடு ஒயரால் பிணைக்கப்பட்ட இரண்டு கன்ட்ரோலர்களும் இருந்தன. முதலாவதில் ஸ்டார்ட், செலக்ட் என்று இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டாவதில் அவை கிடையாது. பதிலுக்கு ஒரு குட்டி மைக் வைத்தார்கள். அதாவது, இரண்டாம் ஆள் கத்தலாம். ஆரம்பிக்கவோ நிறுத்தவோ முடியாது. வீட்டில் தம்பிகளுக்கும் அம்மாக்களுக்கும் என்ன இடம் என்பதை இவ்வளவு சுருக்கமாகப் பிளாஸ்டிக்கில் வேறு யாரும் சொன்னதில்லை.

அப்புறம் இருபது வருஷத்தில் கன்ட்ரோலரில் பட்டன்கள் முளைத்துக்கொண்டே போயின. கட்டை விரல்களுக்கு இரண்டு குச்சிகள், ஆள்காட்டி விரல்களுக்கு விசைகள். பத்து விரலும் வித்வானுடையதாக இருந்தால்தான் ஆச்சு. பெரியவர்கள் அதைக் கையில் வாங்கவே பயந்தார்கள். 2006-ல் வந்த வீ இதைத் தலைகீழாக்கியது. கம்பெனித் தலைவர் சதோரு இவாடா, புதுக் கருவியை 'ரிமோட்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். டிவி ரிமோட்டை வீட்டில் எல்லாரும் யோசிக்காமல் எடுக்கிறார்கள் அல்லவா, அதுபோல எடுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. உள்ளே கை அசைவின் வேகமாற்றத்தை அளக்கும் ஒரு சின்னச் சில்லு. பேரன்கள் வருஷக்கணக்கில் சேர்த்த விரல் வித்தையெல்லாம் ஒரே நாளில் செல்லாக்காசு. பவுலிங்குக்கு நாலு பேருக்கும் ஒரே ரிமோட் போதும், தீர்த்தப் பாத்திரம் மாதிரிக் கைமாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது கன்ட்ரோலர் என்ற சமாசாரமே இல்லை.

ஜனங்கள் வீசிய வேகத்தில் ரிமோட் கைநழுவி டிவியைப் பதம் பார்த்த கதைகள் கிளம்பி, அந்த டிசம்பரிலேயே 32 லட்சம் மணிக்கட்டு வார்களை மாற்றித்தர வேண்டியதாயிற்று. ஆனாலும் பெட்டி பத்து கோடிக்கு மேல் விற்றது. அமெரிக்க முதியோர் இல்லங்களில் பவுலிங் போட்டிகள் நடத்தினார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். அதே 'வீ ஸ்போர்ட்ஸ்' தொகுப்பில் இருக்கும் பாக்ஸிங் வெறும் கை உதறல். பேஸ்பால் அரை வேக்காடு. பவுலிங்கிலேயே, எழுந்து நின்று வீச வேண்டியதில்லை, சோபாவில் சாய்ந்து மணிக்கட்டைச் சுண்டினால் போதும் என்பதை என் மனைவி இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். இருந்தாலும், பெரியவர்களுக்கென்று வந்த மற்றச் சரக்குகளோடு பார்த்தால் இது மகா கௌரவமானது. 2005-ல் ஜப்பானில் இதே கம்பெனி, டோஹோகு பல்கலைக்கழகத்தின் கவஷிமா என்ற பேராசிரியரை வைத்து மூளைப் பயிற்சி விளையாட்டு ஒன்று வெளியிட்டது. கணக்குப் போட்டு முடித்தால் உங்கள் மூளைக்கு என்ன வயசு என்று சொல்லும். நன்றாகத்தான் விற்றது. எனக்கு ஒப்பவில்லை. வயசானவர்களிடம் விளையாட்டைக் கொண்டுவந்தால்கூட அதை லேகியமாகத்தான் கொண்டுவருவேன் என்றால் எப்படி? ஹமாகோ மோரி என்ற ஜப்பானியப் பாட்டி 1981-ல், ஐம்பது தாண்டிய வயசில், ஆட ஆரம்பித்தவர். 2020-ல், தொண்ணூறாவது வயசில், விடியோ கேம் ஆடிக் காட்டும் உலகின் மிக மூத்த யூடியூபர் என்று கின்னஸில் ஏறினார். துப்பாக்கியால் சுடுகிற ஆட்டங்களும் ஆடுவார். அவரிடம் போய் மூளை வயசைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் பவுலிங்குக்கு எல்லாரும் ஒரே ஹாலில் இருக்க வேண்டும். இந்தக் காலத்துக் குடும்பம் அப்படியா இருக்கிறது? இதை யோசித்தவர் கட்ஸுயா எகுச்சி. ச்சீபாவில் வளர்ந்து, வேலைக்காக ஊரையும் உறவையும் விட்டு க்யோட்டோ வந்தவர். இரவு லேட்டாக வீடு திரும்பும் அப்பா. பிள்ளைகள் ஆடி முடித்துத் தூங்கியிருப்பார்கள். வேறு வேறு நேரத்தில் ஆடினாலும் சேர்ந்து ஆடினதாக இருக்க வேண்டும் என்று அவர் செய்ததுதான் 2001-ல் வந்த 'அனிமல் கிராஸிங்'. ஒரு கிராமம், நாலு பேர் குடியிருக்கலாம், ஒரு சமயத்தில் ஒருவர்தான் ஆட முடியும். மகள் பகலில் மண்ணில் எதையாவது புதைத்து வைப்பாள். அப்பா ராத்திரி தோண்டி எடுத்து, பதில் கடிதம் போட்டுவிட்டுப் படுப்பார். ஜெயிக்க ஒன்றுமே இல்லை. என் பல்லாங்குழிப் பரீட்சையில் இது ஃபெயில்தான். ஆனாலும் இதை எனக்குத் தள்ள மனசு வரவில்லை.

தள்ள வேண்டியது 2020-ல் வந்த அதன் வாரிசை. கோவிட் நாட்களில் வீட்டுக்கு வீடு ஆடினார்கள். கிராமத்துக்குப் பதில் தீவு. ஒரு மெஷினுக்கு ஒரே தீவு. எட்டுப் பேர் குடியிருக்கலாம், ஆனால் பாலம் எங்கே கட்டுவது, படிக்கட்டு எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை முதலில் ஆரம்பித்தவருக்கு மட்டும். பின்னால் வந்த அம்மா பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். முப்பத்தேழு வருஷம் கழித்து அதே இரண்டாவது கன்ட்ரோலர்! மைக் கூட இல்லை.

யாரும் திட்டமிடாமல் நடந்த ஒன்றும் உண்டு. 2014-ல் இளைஞர் ஒருவர் எழுதிய விஷயம் இது. நாலு வயசில் அப்பா ஒரு எக்ஸ்பாக்ஸ் வாங்கினாராம். இரண்டு பேரும் சேர்ந்து ஆடுவார்களாம். ஆறு வயசில் அப்பா போய்விட்டார். பத்து வருஷம் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. பிறகு எடுத்து ஒரு கார் ரேஸைப் போட்டால், கூடவே ஒரு நிழல் கார் ஓடுகிறது. அந்த மாதிரி ஆட்டங்களில், மிகக் குறைந்த நேரத்தில் ஓட்டியவரின் ஓட்டத்தை மெஷின் பதிந்து வைத்து, அடுத்து ஆடுபவருக்குப் போட்டியாக ஓடவிடும். அது அப்பாவின் கார். அதை முந்திவிட்டால் அப்பா அழிந்து, மகனின் ஓட்டம் பதிவாகிவிடும். பையன் நாள் கணக்கில் பழகி அதை முந்தும் அளவுக்கு வந்துவிட்டான். வந்து, எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்னால் பிரேக் போட்டு நிறுத்திவிடுகிறானாம்.

விட்டுக்கொடுப்பதைப் பற்றி மேலே எழுதியதை நான் மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் சென்னை திரும்பிவிட்டோம். போன வாரம் பேரன் போனில் கூப்பிட்டான். அவனுக்குக் காலை, எங்களுக்கு ராத்திரி. தனியாக பேஸ்பால் ஆடினானாம். மிச்ச ஆட்களுக்கு, பெட்டியில் இருக்கிற முகங்களையெல்லாம் அதுவே எடுத்துப் போட்டுக்கொள்கிறது. 'பாட்டி என் டீம்ல இருக்கா தாத்தா, பொட்டோட.'

நன்றாக ஆடுகிறாளா என்று கேட்டேன்.

'சுமார்தான்' என்றான்.